பென்னியின் சட்டைக்கு நாலு ஐஸ் பை

சவப்பெட்டிக்கு அளவெடுத்து முடித்த தேவப்பிரியத்திடம் டேப்பை வாங்கி, ஹில்டா குனிந்து நாயின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள்.

"இருபத்திநாலு."

பழக்கதோஷத்தில் தேவப்பிரியம் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அண்ணே, அது உசுரோட கீது."

"தெரியும்மா. கை தானா எழுதிச்சி."

பென்னி பக் ஜாதி நாய். மூக்கு என்று சொல்லிக்கொள்ள முகத்தில் ஒன்றும் இல்லாததால், மே மாத ராயபுரத்தில் மூச்சு விடுவதே அதற்கு முழுநேர வேலை. நேற்று மதியம் ஹில்டாவின் அப்பா அருள்பிரகாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததிலிருந்து, அவரைக் கிடத்தியிருந்த பிரீசர் பாக்ஸுக்கு அடியில்தான் கிடந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து நாளாகப் போனில் மகளிடம் அவர் பேசியதெல்லாம் ஒரே விஷயம்: பென்னிக்கு வாங்க வேண்டிய குளிர்ச்சட்டை தண்ணீரில் நனைத்துப் போடுவதா, ஐஸ் பை செருகுவதா. "நாய் சட்டையை வுட்டுட்டு நீ பிரஷர் மாத்திரையைப் போடு நைனா" என்று ஹில்டா வெடுக்கென்று போனை வைத்தது நேற்றுக் காலை. அதுதான் அவரோடு கடைசிப் பேச்சு. 'நான் போனா பென்னி கல்லறை வரைக்கும் வரணும்' என்பது அப்பாவின் ஒரே ஆசை. இந்த வெயிலில் காசிமேட்டுக் கல்லறை வரை நடந்தால் அதையும் சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான். இன்னொரு சாவைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

குளிர்ச்சட்டை வாங்கப் போன தம்பி ஃப்ரெடி கடையிலிருந்து போனில் கூப்பிட்டான். "யக்கா, ரெண்டு தினுசும் கீது. இன்னா எடுக்க?"

"தண்ணி சட்டை காயக் காயத்தான்டா ஜில்லுனு இருக்கும். நம்ம வூட்ல காலைல போட்ட துண்டே ராத்திரி வரைக்கும் ஈரமாத்தான் கீது. ஐஸ் பை எடு."

"கறுப்பா எடுக்கச் சொல்லு" என்றாள் அப்பாவின் தங்கை மரியம். "துக்கத்துக்குப் போவுது."

"கறுப்பு வெயிலை இழுக்கும் அத்தே."

"அப்ப நான் கட்டிகினு கீறது இன்னா?"

"வெள்ளிநிறமா எடுடா" என்றாள் ஹில்டா போனில்.

ஒன்றே முக்காலுக்கு ஃப்ரெடி வெள்ளிநிறச் சட்டையோடு வந்தான். நாலு நீல ஐஸ் பை. பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருந்தது. பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கித்தான் பிரீசர் பாக்ஸை மாட்டியிருந்தார்கள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள்.

"வேணாம்டா" என்றாள் ஹில்டா, மூடியைத் தூக்கிக்கொண்டே.

நாலு பைகளும் அப்பாவின் காலடியில் போயின. மரியம் வாயில் கை வைத்தாள். "அடப்பாவிங்களா, எங்கண்ணன் இன்னா மீன் பொட்டியா?"

பத்து நிமிடம் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். "கால்மாட்ல ஜில்லு பத்தாது" என்று தானே மூடியைத் திறந்து, பக்கத்துக்கு இரண்டாக இடுப்போரம் செருகினாள்.

மாலையோடு வந்த துறைமுக நண்பர் ரஷீது அந்த நீலப் பைகளைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "இது உங்க சர்ச் வழக்கமாம்மா?"

"ஆமா" என்றாள் மரியம் கூசாமல்.

மூன்றரைக்கு அப்பாவைத் தூக்கிச் சவப்பெட்டியில் வைத்தார்கள். ஹில்டா பென்னிக்குச் சட்டை மாட்டினாள். மூன்று பைதான் இருந்தது. பிரீசர் பாக்ஸில் கைவிட்டுத் துழாவினார்கள், பாயை உதறினார்கள். அதற்குள் ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டார். பெட்டியை மூடத் தேவப்பிரியம் மூடியைக் கையில் எடுத்தபோதுதான் ஹில்டாவுக்குத் தெரிந்தது. அப்பாவின் கோட்டுக் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் நீலமாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

எட்டினால் எடுத்துவிடலாம். கை பாதி தூரம் போனது. மரியம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுட்ரு. அண்ணனுக்கும் வெயிலு ஆவாது."

பெட்டியை மூடினார்கள்.

சவ வண்டிக்குப் பின்னால் பென்னி மூச்சிரைத்துக்கொண்டே நடந்தது. சட்டையின் இடது பக்கத்தில் ஒரு பாக்கெட் காலியாக ஆடியது. காசிமேடு வரைக்கும் ஹில்டா அந்தப் பக்கமாகவே நடந்தாள், குடையைத் தாழ்த்தி நாய்க்குப் பிடித்தபடி.