வீட்டுக்கொரு மீட்பு

சமய பாடத்துக்கு மணி அடித்ததும் பதினோராம் வகுப்பு பிரிந்தது. சைவப் பிள்ளைகள் மண்டபத்துக்கும் இஸ்லாமியப் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்கும் போனார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மெற்றில்டா ரீச்சர் வந்து மின்விசிறியைப் போட்டாள். அது சுழலவில்லை. யன்னலைத் திறந்துவிட்டாள்.

மீட்பு வரலாற்றில் எகிப்துக்கு வந்திருந்தார்கள். அந்தப் பகுதியை மெற்றில்டா ஒவ்வோர் ஆண்டும் ஒரே விதமாகத்தான் நடத்துவாள். கடவுள் தங்களை மீட்ட கதையை இஸ்ரயேலர் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவர வேண்டும் என்பது கட்டளை. ஆகவே மாணவர்களும் வீட்டில் கேட்க வேண்டும்: கடவுள் எங்களை எதிலிருந்து மீட்டார்? கேட்டதை வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும். நல்ல கதை பெற்றோர் தினத்தில் மேடையேறும்.

முதலில் றொசாந் எழுந்தான்.

“சுனாமிக்கு அப்பா தென்னையில ஏறித் தப்பினவர் ரீச்சர். தண்ணி வடிஞ்ச பிறகு இறங்கத் தெரியேல்லை. பின்னேரம்தான் ஏணி கொண்டுவந்து இறக்கினவை.”

“அப்ப கடவுள் ஏத்திவிட்டவர், ஏணிக்காரன் இறக்கினவன்,” என்றாள் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி. வகுப்பு சிரித்தது. மெற்றில்டாவும் சிரித்தாள்.

அடுத்தது கௌசிகா. பாக்கியரத்தினத்தின் மகள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தாயாக நின்றவள் மெற்றில்டாதான்.

பாக்கியரத்தினம் மெற்றில்டாவின் அண்ணன் அல்போன்சின் கூட்டாளி. தொண்ணூறில் நடந்த ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் இளைஞர்களை மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் அடைத்தார்கள். அன்று வாகனத்தில் ஏற்றப்பட்டவன் அல்போன்ஸ் மட்டும்தான். அவன் திரும்பி வரவில்லை. மாலையில் பாக்கியரத்தினம் மெற்றில்டாவின் வீட்டுக்கு வந்தார். தன்னை முன்னமே விட்டுவிட்டார்கள், எதையும் காணவில்லை என்று அம்மாவின் காலடியில் இருந்து அழுதார். பிறகு அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தவர் அவர்தான். அம்மா செத்தபோது பெட்டியைத் தோளில் சுமந்தவரும் அவர்தான்.

கௌசிகா கூச்சமில்லாமல் சொன்னாள்.

“இது அம்மா சொன்னவ. அப்பாட்டக் கேட்டால் எழும்பிப் போயிடுவார். அப்பாவைச் சங்கக் கட்டடத்துக்குள்ள வைச்சிருந்தவங்களாம். பிறகு வெளியால எடுத்து, யன்னலால ஒராளைக் காட்டு, உன்னை விடுறம் எண்டவங்களாம். அப்பா மாதாவை மன்றாடிப்போட்டுக் கையைக் காட்டினவராம். வலக்கையில வெள்ளைத் துணி கட்டின ஒராள். அந்தாளை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். அப்பாவை விட்டுட்டாங்கள். அந்தாள் உண்மையாவே இயக்கத்து ஆளாம் ரீச்சர். மாதாதான் அப்பாவின்ர கையைச் சரியான பக்கம் திருப்பிவிட்டவ எண்டு அம்மா சொன்னவ.”

றொசாந் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

மெற்றில்டா மேசை விளிம்பைப் பிடித்தாள். அந்தத் துணி அவளுடைய பழைய பள்ளிச் சட்டையில் கிழித்தது. கட்டிவிட்டதும் அவள்தான். பாக்கியரத்தினம் வீட்டு வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றும்போதுதான் அல்போன்சுக்குக் கை வெந்தது. அவள் கட்டும்போது பாக்கியரத்தினம் பக்கத்தில் நின்று எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், நல்லாயில்லையோ?” என்றாள் கௌசிகா.

“இரு பிள்ளை.”

மிச்சப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு மெற்றில்டா யன்னலோரம் போய் நின்றாள். மணி அடிக்கும்வரை வகுப்புப் பக்கம் திரும்பவில்லை.

பள்ளி விட்டபோது பாக்கியரத்தினம் வாசலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்றுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டிருந்தார்.

“மெற்றி, ஞாயிறு அல்போன்சின்ர நினைவுப் பூசைக்குச் சாமியாரிட்டச் சொல்லிட்டன்.”

“அண்ணான்ர கை எப்பிடி வெந்தது, பாக்கியண்ணா?”

“இப்ப என்னத்துக்கு அது?”

“சொல்லுங்கோ.”

“எஞ்சின் சுட்டது. எங்கட வள்ளத்தில. உனக்குத் தெரியும்தானே.”

“உங்களுக்கும் தெரியும். யன்னலால கையைக் காட்டேக்கையும் தெரிஞ்சிருந்தது.”

மான் தோலை இழுத்துக்கொண்டு விலகியது. அவர் வெறுங்கையை நீட்டியபடியே இருந்தார்.

“ஆர் சொன்னது?”

“உங்கட மகள். வகுப்பில எழும்பி நிண்டு. பிள்ளையள் கைதட்டினவை.”

இல்லை என்று அவர் சொல்லுவார் என மெற்றில்டா காத்திருந்தாள். சொன்னால் நம்புவதற்கும் ஆயத்தமாக இருந்தாள்.

“எனக்குப் பதினெட்டு வயசு மெற்றி,” என்றார். “எல்லாரையும் பார்த்தனான். கட்டுப் போட்டவன் அவன் ஒருத்தன்தான். காயத்தைக் கண்டால் சண்டையில பட்டதெண்டு நம்பி அவங்கள் வேறை கேள்வி கேக்க மாட்டாங்கள் எண்டு நினைச்சிட்டன்.”

“அண்ணா உங்களைக் கண்டவரோ?”

அவர் கைப்பிடியைத் திருகினார்.

“கண்டவன். சிரிச்சவன். தன்னையும் விடச் சொல்லித்தான் காட்டுறன் எண்டு நினைச்சிட்டான்.”

வீதியில் ஓர் ஓட்டோ போனது. அதற்கு வழிவிட்டு மெற்றில்டா ஓரமாக ஒதுங்கினாள்.

“எங்கட அம்மா சாகுமட்டும் உங்களுக்குத்தான் முதல்ல சோறு போட்டவ,” என்றாள்.

“சொல்லத்தான் ஒவ்வொரு தரமும் வந்தனான். சோத்துக் கோப்பையை முன்னால வைச்சிடுவா. சொல்ல ஏலேல்லை.” குரலைத் தாழ்த்தினார். “பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை. மனுசி திரியாய்க்காரி, இந்த ஊரில்லை. அது ஆர் எண்டு அவளுக்கும் தெரியாது. இயக்கம் எண்டுதான் சொல்லி வைச்சனான்.”

“அண்ணாவை அதுவும் ஆக்கிட்டீங்கள்.”

கௌசிகா ஓடிவந்து பின்னால் ஏறினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“ரீச்சர், என்ர கதையைப் பெற்றோர் தினத்துக்கு எடுப்பீங்களோ?”

பாக்கியரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் காலடியில் இருந்து அழுத அன்றும் அந்த முகம் இப்படித்தான் இருந்தது. அன்று மெற்றில்டா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எடுக்கலாம்,” என்றாள். “ஆனா கதை முடியேல்லை பிள்ளை. அந்தாளுக்கு ஒரு பேர் இருக்கு. காத்துக்கொண்டிருந்த தாய் ஒருத்தி இருந்தவ. அதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.”

“அது அம்மாக்குத் தெரியாது ரீச்சர்.”

“அப்பாட்டக் கேள். இந்த முறை எழும்பிப் போக விடாதை.”

அவள் துறைமுகப் பக்கமாக இறங்கி நடந்தாள். மோட்டார் சைக்கிள் புறப்படும் சத்தம் கேட்கவில்லை.

“அப்பா,” என்று பிள்ளை கேட்பது கேட்டது. “ஆரப்பா அது?”