புரதம், கொழுப்பு, ராசி

“அந்தத் தட்டக் கீழ வை, ஆண்டாளு,” என்றாள் மாமியார் பவுனம்மாள். குரல் உயரவில்லை. ஆனாலும் கூடத்தில் அவள் மகள் ஞானம்பாளின் கல்யாணத்துக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்த பெண்களின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

ஆண்டாள் மஞ்சள் தட்டைத் தரையில் வைத்தாள். ஒருத்தி அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துப் போனாள்.

“ஞானத்துக்கு நாளைக்கு முகூர்த்தம் முடியற வரிக்கும் பின்கட்டு ரூம்லயே இரு. மாப்ள எதுத்தாப்புல வந்துடாத. என் புள்ளைய உன் ராசி வாரிக்கினு போனது போதும்.”

அந்தப் பிள்ளை துரைராஜ், ஆண்டாளின் கணவன். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் பார்த்தான். 1962-இல், கல்யாணமான ஐந்தாம் மாதம் பெரியம்மையில் போய்விட்டான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அம்மை குத்த வந்தவரை, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று வாசலோடு திருப்பி அனுப்பியவள் பவுனம்மாள். அதை மட்டும் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆண்டாள் ரசாயனம் படித்தவள். துரைராஜ் போன பிறகு அப்பா பிடிவாதமாக அவளை மேலே படிக்க வைத்தார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. பெரியம்மைக்கு நெருங்கிய சொந்தமான, தடுப்பூசிக்குப் பயன்படும் கிருமியை அங்கே வளர்த்தார்கள். அந்தக் கிருமியும் அது போர்த்திக்கொண்டிருக்கும் உறையும் எதனால் ஆனவை என்று பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஈதர் ஊற்றிக் கொழுப்பைக் கரைத்தெடுப்பாள். மிச்சத்தில் புரதம் எவ்வளவு என்று அளப்பாள். தராசு ஆடாமலிருக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிறுக்கையில், கொப்புளம் மூடிய துரைராஜின் முகம் ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்து நிற்கும். ஒன்றரை வருஷ உழைப்பு. முடிவுகள் அவள் பெயரோடு ஆராய்ச்சி இதழில் அச்சாகிவிட்டன.

அந்தப் பக்கங்களை ஊருக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ரங்கநாதன் திண்டிவனத்தில் தலைமை ஆசிரியர். இருபது வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். அவருக்காவது புரியும் என்று நம்பினாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும், அவள் ஆராய்ச்சியைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த அவரே பின்கட்டுக்கு வந்து கேட்டு வாங்கிப் படித்தார். அட்டவணையில் விரல் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நூத்துல அஞ்சு பங்குதான் கொழுப்பா? மத்ததெல்லாம் புரதமா?”

“பெரும்பாலும் புரதம், சார். நடுவுல கொஞ்சம் கரு அமிலம். அவ்ளோதான். என் ராசி அதுல இல்ல, சார். தேடிப் பாத்துட்டேன்.”

ரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

“புரியுதும்மா. நம்ம ஜில்லாவுக்கே பெருமை. ஆனா நாளைக்கு மட்டும் அவங்க சொல்றதக் கேட்டு உள்ளயே இருந்துடுங்க. எனக்கு ஒரே பையன்.”

கதவருகே கல்யாணப் பெண் ஞானம்பாள், துரைராஜின் தங்கை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நீ இன்னா சொல்ற ஞானம்?”

“நான் இன்னா அண்ணி சொல்ல முடியும்?” என்று மருதாணிக் கைகளைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டாள்.

“இத நான் வெச்சுக்கட்டுமா? பசங்களுக்குக் காட்டணும்,” என்றார் ரங்கநாதன்.

“வேணாம் சார். குடுத்துடுங்க.”

மறுநாள் காலை யாரோ இட்லித் தட்டைப் பின்கட்டு அறையின் வாசற்படியில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பினார்கள். ஆண்டாள் அதைத் தொடவில்லை. பந்தலில் மேளம் நெருங்கி ஒலிக்கத் தொடங்கியபோது பையை எடுத்துக்கொண்டாள். சந்துக்குப் போகப் பின்வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூடத்தைக் கடந்து, பந்தலுக்குள், மணவறைக்கு நேர் முன்னால் நடந்தாள். வழி விட்டார்கள், அகலமாகவே விட்டார்கள். தாய்மார்கள் குழந்தைகளின் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டார்கள். நாதஸ்வரம் ஒரு நொடி தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பையைத் திறந்து, அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.

அடுத்த பங்குனியில் ஆய்வுக்கூட முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. ரங்கநாதனின் குண்டு குண்டான கையெழுத்து. ஞானம்பாளுக்கு நாலாம் மாதம் கரு கலைந்துவிட்டதாம்.

‘முகூர்த்த நேரத்தில் நீங்கள் குறுக்கே நடந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறோம்.’

ஆண்டாள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். ‘வீட்டில் நினைக்கிறார்கள்’ என்று அவர் எழுதியிருக்கலாம். ‘நினைக்கிறோம்’ என்றுதான் எழுதியிருந்தார்.