மிதிக்கக் கூடாத நெல்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் முதலில் ஒரு பிணம் இருந்தது. செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்தில், முதுகில் கத்தியோடு. பத்திரிகை ஆசிரியர் கேட்டது அதுதான். பிணத்துக்கு இடம் பார்க்க பஸ் ஏறினேன். 1966, அரிசி கிடைக்காத வருஷம்.

களஞ்சியத்தைச் சில நாட்களுக்குக் காட்சிசாலை ஆக்கியிருந்தார்கள். வாசலில் 'பஞ்சம்' என்று பலகை. சுவரில் ஒரு படம்கூட இல்லை. இருட்டு. தரை முழுக்க, கணுக்கால் புதைய, நெல். எங்கிருந்தோ காலித் தகரத்தைச் சுரண்டும் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடக்க வேண்டும்.

"படத்தைப் பார்க்கறதில்ல சார், படத்துக்குள்ள போறது" என்றார் ஓவியர் வெங்கடரமணன், மெட்ராஸ்காரர்.

போனேன். பயமாக இருந்தது. பிணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

ரஞ்சிதத்தின் கருவிழிகளில் மர்மம் மின்—

(இல்லை. வாரப் பத்திரிகைப் பழக்கம்.)

ரஞ்சிதம் பக்கத்துச் சிங்கவரத்தில் மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பறிக்கும் கூலி. டிக்கெட் கிடையாது என்றதால் வந்தவள். நெல்லைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா நிக்கிற? உள்ள போ" என்றான் வாட்ச்மேன் சம்பந்தம்.

"நெல்ல எப்டிண்ணா மிதிக்கறது?"

"மெட்ராஸ்காரு மிதிக்கச் சொல்றாரு."

"அவுரு ரேஷன் கியூவுல நின்னதில்ல போல."

குனிந்தாள். ஒரு சிட்டிகை நெல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையால் நெல்லை ஒதுக்கி, வெறுந்தரையில் கால் வைத்து நகர்ந்தாள். ஒதுக்கியதில் கொஞ்சம் மடிக்குள் போனது.

மடி உப்பியதை சம்பந்தம் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வேளைக் கஞ்சி, போகட்டும்.

3

சாயங்காலம் பூட்டும்போது வெங்கடரமணன் சொன்னார்: "கையக் கழுவிக்கோப்பா. எலி தின்னுடும்னு அத்தனை நெல்லையும் எலி மருந்துல ஊறவெச்சுக் காயவெச்சிருக்கேன்."

"பலகையில அத்த எழுதலியா சார்?"

"நெல்ல யாருப்பா அப்படியே திம்பாங்க?"

சம்பந்தம் சைக்கிளை எடுத்தான்.

(திகில் கதைக்குக் கெடு வேண்டும். என் கெடு, நெல். அவிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், குத்த வேண்டும்: சம்பந்தத்துக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. இங்கே வரை படித்த என் மனைவி கேட்டாள்: "பசிக்கிறவ அவிச்சுக்கிட்டா இருப்பா? வறுத்து வாயில போட்டுக்குவா." என் கெடு அத்தோடு போச்சு.)

4

அவள் ஊர் சிங்கவரம் என்று தெரியும், வீடு எது என்று அவனுக்குத் தெரியாது. தெருவில் நின்று கத்தினான்: "கோட்டையில நெல் எடுத்தது யாரு? அதுல வெஷம்!"

ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. அவன் போட்டிருந்தது காக்கிச் சட்டை. பதுக்கல் நெல் தேடிக் காக்கிச் சட்டைகள் வந்து போன ஊர் அது.

ஒரு கூரை வீட்டில் புகை. வாசலில் அவளே நின்றாள்.

"யம்மா, மடியில எடுத்தியே, அத்தக் கொட்டிடு."

"நான் இன்னாத்த எடுத்தேன்?"

பின்னாலிருந்து அவள் புருஷன் பாவாடை வந்தான். "யோவ், எம் பொண்டாட்டியத் திருடின்றியா?"

"அது இல்லப்பா, நெல்லுல வெஷம் கீது!"

"நெல்லுல எவனாவது வெஷம் வெப்பானா? கதை வுட வந்துட்டான். போய்யா!"

ரஞ்சிதம் தலையாட்டினாள். அவளுக்கும் அதே நியாயம்தான். நெல்லை மிதிக்கவே மனசு வராதவள், ஒருவன் அதில் விஷம் கலப்பான் என்று எப்படி நம்புவாள்?

உள்ளே சட்டியில் நெல் படபடவென்று பொரிந்தது.

5

முடிவு ஒன்று: சம்பந்தம் உள்ளே பாய்ந்து சட்டியை உதைக்கிறான். (ஊர் கூடி அவனை அடிக்கும். மீதி நெல் அவள் மடியிலேயே இருக்கும்.)

முடிவு இரண்டு: ஒரு பிடி அள்ளித் தானே தின்று காட்டுகிறான். (நம்புவார்கள். தாமதமாக.)

முடிவு மூன்று: அப்போது வெங்கடரமணனின் கார்—

(வராது. அவர் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.)

தேவை ஒரே ஒரு வசனம். 'திருடி' என்று அவள் காதில் விழக் கூடாது. விஷம் என்று நம்ப வேண்டும். என் கதைகளில் எத்தனையோ கொலைகாரர்களைப் பேசியே மடக்கியிருக்கிறேன். இது எனக்கு வரவில்லை.

காக்கிச் சட்டையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். பொரியும் சத்தம் நின்றுவிட்டது.

பேசுங்கள்.