வியாகுலம் வீட்டு மீன்

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றியதும் ராஜமேரியின் முகத்தில் இருபது வருஷத்துத் தூசி கொட்டியது.

"கிட்ட கொண்டா கண்ணு," என்றார் கட்டிலோடு கிடந்த அப்பா வியாகுலம். பேச்சு வெறும் மூச்சாகத்தான் வந்தது.

அந்தோணியாருக்கும் மாதாவுக்கும் நடுவே தொங்கிய படம் அது. கரையில் வைக்கோல்போர் மாதிரி கிடக்கும் மீன், ஏணி வைத்து அதன்மேல் ஏறும் தொப்பிக்காரர்கள், அடியில் சீமை எழுத்து, 1598 என்று வருஷம். ஊரைவிட்டுப் போன பிரெஞ்சுச் சாமியார் கொடுத்தது. ஒகேனக்கல் அருவியைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத வியாகுலம், யோனா தீர்க்கதரிசியை விழுங்கிய மீன் இதுதான் என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றினார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் தொப்பிகளை எண்ணச் சொல்வார். எத்தனை முறை எண்ணினாலும் ஒன்று விட்டுப்போகும். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்றோ!

அவள் டீச்சர் டிரெயினிங் முடித்து வந்த வருஷம்தான் புதுச் சாமியார் சொன்னார்: "அது வேதப்படம் இல்லம்மா. செத்து ஒதுங்கின திமிங்கலம். வேடிக்கை பாக்க வந்த கூட்டம். கழட்டிடு."

அவள் கழற்றவும் இல்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

"மேரி, நீ படிச்சவ. யோனா வெளிய வந்துட்டாரா, இன்னும் உள்ளதான் இருக்காரா? எனக்கு இருட்டுன்னா பயமா இருக்குது."

அடுப்படியிலிருந்து அம்மா மதலேனம்மாள் எட்டிப் பார்த்தாள். ராஜமேரி படத்தை அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவள், கூட்டத்தின் ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஒருவன்மேல் விரலை வைத்தாள்.

"இதோ நிக்கறாரு பாருங்கப்பா. இவருதான்."

வியாகுலம் உற்றுப் பார்த்தார்.

"அட! மூக்கப் புடிச்சிக்கினு நிக்கறாரு. உள்ள அவ்ளோ நாத்தமாட்டம் இருக்குது!"

சிரித்தார். சிரிப்பு இருமலானது. உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் உடலை மந்திரித்து ஜெபம் சொல்ல வந்தார், படத்தைக் கழட்டச் சொன்ன அதே சாமியார்; அவர், தலைமாட்டில் சாத்தியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு ராஜமேரியைப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் மதலேனம்மாள் படத்தில் மூக்கைப் பொத்தி நின்றவனைக் காட்டி முந்திக்கொண்டாள்.

"சாமி, இவருதான் யோனா. எம் பொண்ணு சொன்னா. அதக் கேட்டுட்டுத்தான் மேரி அப்பா நிம்மதியா போனாருங்க."

சாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆளு ரொம்ப மெலிஞ்சிருக்காரே," என்றார்.

"மூணு நாளு மீன் வயித்துல சோறு தண்ணி இல்லாம கெடந்தவருங்க சாமி."

அணைந்திருந்த மெழுகுவத்தியைச் சாமியார் பற்றவைத்தார். படத்தின் அந்த ஓரத்துக்கு அதை நகர்த்தி வைத்தார்.