வடக்குச் சுவரோரம், பெயர் இல்லை

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. குற்றம் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று முறை எழுதிப் பார்த்து, மூன்று முறையும் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். நாலு பக்கம் நல்லவனாக நடித்துவிட்டு ஐந்தாவதில் கண்ணைக் கசக்குவது எனக்குக் கைவந்த கலை. (சிறுபத்திரிகைகளில் என் கதைகள் ஒன்பது வந்திருக்கின்றன. எட்டில் இதைத்தான் செய்திருக்கிறேன்.)

பெயர் நவநீதன். குடியிருப்பது ஸ்ரீரங்கம். தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் சரிபார்க்கிற வேலை. வெளிநாட்டிலிருந்து பழைய ஆவணங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் பார்த்துக் கணினியில் அடிப்பார்கள். அங்கே யாரோ ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கண்டுபிடிப்பார்.

வேலை நடக்கும் முறையை இப்போதே சொல்ல வேண்டும்; கதை அதில்தான் நிற்கிறது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் பக்கம் நேராகப் போய்விடும். ஒத்துப்போகாத இடம் மட்டும் சரிபார்ப்பவர் திரைக்கு வரும். நாங்கள் நான்கு பேர். எது யாரிடம் போனது என்று அடித்தவர்களுக்குத் தெரியாது. சுவரில் ஒரே ஒரு விதியை ஒட்டி வைத்திருக்கிறார்கள்: இருப்பதை அடி.

2

கைவிட்ட தொடக்கம்:

"1907ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் ஆல்டர்கோட் என்னும் சிற்றூரில், பனி படர்ந்த வயலின் குறுக்கே வில்லியம் பார்ட்லெட் என்ற கூலியாள் பங்குக் குருவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தான். அவன் கையில்"

கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பனியும் எனக்குத் தெரியாது. ஓடியதும் பார்ட்லெட் இல்லை. அந்த ஓட்டத்தை நான் வேறொருவரிடமிருந்து திருடினேன். அவர் ஓடியது லால்குடியில், பைக்கில்.

ஆல்டர்கோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வந்தவைதான். (ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்கு இருப்பதை அடிக்காதவன்தான் நானும்.) அந்த ஊர்க் கோயில் பங்கு மாதா மாதம் வெளியிட்ட பத்திரிகை: பெரிய கேரட்டுக்கு முதல் பரிசு யாருக்கு, குளிர்காலக் கரிக்காகச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் சங்கத்தில் யார் சேர்ந்தார்கள், மணியடிக்கும் கோஷ்டியில் குடித்துவிட்டு வந்தது யார். பள்ளிக்கூடத்துப் பதிவேடு: உருளைக்கிழங்கு பொறுக்கப் பிள்ளைகள் போய்விட்டார்கள், தட்டம்மையால் பள்ளி மூடல், குருவின் மனைவி வந்து தையலைச் சோதித்தார். பிள்ளை பெற்றவள் கோயிலுக்கு வந்து நன்றிச் சடங்கு செய்து முடிக்கும்வரை பக்கத்து வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம்.

நான் இதற்கெல்லாம் இணையத்தில் தேடித் தேடிக் குறிப்பெடுத்தேன். எங்களிடம் பக்கம் அடிக்கிற ரோசரி என் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுல என்னா சார் புரியல? அந்தக் குரு வீட்டம்மாவை எடுத்துட்டு எங்க மாதா சபைத் தலைவியைப் போடுங்க. இது எங்க ஊருதான் சார். குளிருதான் கூட."

3

ரோசரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவளைப் பற்றியல்ல, நான் எழுதிய அவளைப் பற்றி.

இரண்டாம் வரைவில் அவளுக்குச் சாம்பல் நிறப் புடவை கட்டி, கையில் ஜெபமாலை கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். கண்றாவி. உண்மையான ரோசரி லால்குடி ரயிலில் இடம் பிடித்து வருகிறவள். முப்பத்திரண்டு வயது. எங்கள் அலுவலகத்தில் பழைய ஆங்கிலக் கையெழுத்தை அவளைப்போலப் படிக்க ஆளில்லை. எலுமிச்சைச் சாதத்தைப் பகிர்ந்துகொண்டே எல்லோரையும் கேலி செய்வாள். "சார் கதையில எல்லாப் பொம்பளையும் ஏன் சார் அழுதுக்கிட்டே இருக்காங்க?" என்று என்னைக் கேட்டவள் அவள்தான்.

பாருங்கள், கதைக்குக் காரணமான ஒருத்தியைச் சரியாக உட்காரவைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

4

போன ஆகஸ்டில் ஆல்டர்கோட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டு வந்தது. கோயில் கல்லறையில் குழி வெட்டுகிறவர் தனக்காக எழுதி வைத்துக்கொண்டது. அடக்கம் செய்தவர்களின் பெயரெல்லாம் குருவின் பதிவேட்டில் இருக்கும். இதில் வேறு சில பேர் இருந்தார்கள்.

"பார்ட்லெட் குழந்தை. வடக்குச் சுவர். பெயர் இல்லை."

ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு அடக்க ஜெபம் கிடையாது. பதிவேட்டிலும் இடமில்லை. வெயில் விழாத வடக்குச் சுவரோரம் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அந்தக் குழிவெட்டி மட்டும், ஏனோ, எழுதி வைத்திருக்கிறார். பதினொரு குழந்தைகள்.

அன்று மதியம் ரோசரி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான் கேட்காமலே சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு சுவரோரமாத்தான் இருக்கு சார். நாலு வருஷம் ஆச்சு. பொறந்து முக்கால் மணி நேரம். மூச்சு இழுக்குதுன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு சார். ஆபத்துன்னா யார் வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம். சின்ன வயசுல ஞானோபதேச வகுப்புல மனப்பாடம் பண்ணதுதான். அவருக்கும் தெரியும். ஆனா நம்ம கையால எப்படின்னு சாமியாரைக் கூப்பிட பைக்கை எடுத்துட்டு ஓடிட்டாரு. ஞாயித்துக்கெழம. சாமியார் கிளைக்கிராமத்துல பூசை வச்சிட்டு இருந்திருக்காரு."

"சாமியார் என்ன சொன்னாரு?"

"நல்லவருதான் சார். இப்பல்லாம் அப்படி இல்லம்மா, அது கடவுள்கிட்டதான் இருக்குன்னு சொல்லி ஜெபமும் பண்ணாரு. ஆனா குழி ஏற்கெனவே சுவரோரமா வெட்டி வச்சுட்டாங்க. பெரியவங்க வழக்கம். ஏட்டுல எங்க வீட்டுக்காரரு பேரைப் போட்டு 'ஜேக்கப் குழந்தை'ன்னு எழுதியிருக்கு. எங்கப்பா பேரு வைக்கிறதா இருந்தேன். யாருட்டயும் சொல்லல. வீட்டுக்காரரு இன்னிக்கி வரைக்கும் வீட்டுல தண்ணி பாட்டிலைக் கையில எடுக்க மாட்டாரு சார். சொம்புலதான் குடிப்பாரு."

இதை அப்படியே எழுதிவிட்டேன். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

5

மூன்று வாரம் கழித்து என் திரைக்கு ஒரு வேற்றுமை வந்தது. பார்ட்லெட் குழந்தையின் பக்கம். இரண்டாவதாக அடித்த யாழினி, பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். முதலில் அடித்தது ரோசரி. கட்டத்தில் இருந்தது:

அற்புதசாமி.

அற்புதசாமி பார்ட்லெட். ஆல்டர்கோட், 1907.

(கற்பனைக் கதையாக இருந்தால் இங்கே ஓர் ஆங்கிலப் பெயரைப் போட்டிருப்பேன். ஜான், ஹென்றி, யாரும் கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒன்று. ரோசரி ஒளிக்கவில்லை.)

அற்புதசாமி யார் என்று எனக்குத் தெரியும். அவள் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் அதுதான்.

காலிக் கட்டத்தைச் சரி என்று தேர்ந்தெடுத்தேன். அது விதி. ஆனால் அடுத்து, பிழைக்குக் காரணம் கேட்கும். இரண்டு தேர்வுகள்: 'வாசிப்புப் பிழை', 'மூலத்தில் இல்லாததைச் சேர்த்தல்'. முதலாவது தினமும் ஐம்பது விழும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாவது விழுந்தால் அடித்தவருக்கு வேலை போகும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இரண்டாவதை அழுத்தினேன்.

ஏன்? அதுதான் உண்மை என்பதால், என்று மேலாளரிடம் சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்கிறேன்: பயம். ஜேக்கப்புக்கு 'நம்ம கையால எப்படி' என்று தோன்றியதே, அப்படி. ஆனால் அவர் பயந்து ஓடியது குழந்தைக்காக. நான் பயந்தது எனக்காக; மறைத்தது தெரிந்தால் என் வேலை போகும். வெட்கமாக இருக்கிறது.

6

மாலையே அவளைக் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"தப்புதான் சார். கை தானா அடிச்சிருச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"சேவ் ஆயிருந்துச்சா சார்? கொஞ்ச நேரமாச்சும் அந்தப் பேரு உள்ள இருந்துச்சா? எந்தச் செக்கர்கிட்ட போச்சுன்னு தெரியல. நீங்க நல்லா பேசுவீங்க எல்லார்ட்டயும். விசாரிச்சுச் சொல்லுங்க சார்."

"பாக்குறேங்க" என்றேன்.

பார்க்க என்ன இருக்கிறது? பெயர் காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உள்ளே போனது. மதியம் ஒன்று இருபத்தாறுக்கு நான் எடுத்தேன். அந்த நேரம் முழுவதும் அவன் பெயரோடு இருந்தான். இந்த ஒரு வரியை அவளிடம் சொல்ல ஒரு போன் போதும். சொன்னால், எடுத்தது யார் என்று கேட்பாள். ஏழு மாதமாகிறது.

7

மாற்று முடிவுகள்.

(அ) நான் 'வாசிப்புப் பிழை'யை அழுத்துகிறேன். ரோசரி நாளையும் லால்குடி ரயிலில் வருகிறாள். பெயர் எப்படியும் போய்விடுகிறது.

(ஆ) பெயரை ஏற்றுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஒரு கிழவி தன் குடும்பத்தைத் தேடும்போது அற்புதசாமி பார்ட்லெட்டைக் கண்டு, குழம்பி, பிறகு வடக்குச் சுவரோரம் ஒரு பூ வைக்கிறாள். இதை எழுதும்போது அழுதேன். அதனாலேயே இதை நம்பவில்லை.

(இ) அம்மா மண்டபத்தில் என் அப்பாவின் திதி. காவேரியில் தண்ணீர் குறைவு. வாத்தியார் எள்ளும் தண்ணீருமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற யாரானும் உண்டோ? பேர் சொல்லுங்கோ" என்கிறார். நான் அந்தப் பெயரைச் சொல்கிறேன்.

மூன்றாவதைப் பத்து நாள் வைத்திருந்தேன். அழகாக இருந்தது. திதி நடந்தது உண்மை, வாத்தியார் கேட்டதும் உண்மை. நான் "யாரும் இல்லை" என்றேன்.

8

ரோசரி சிறுபத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். இதைப் பாவமன்னிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பாவமன்னிப்புக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆல்டர்கோட் இப்போது இணையத்தில் இருக்கிறது. தேடிப் பார்த்தேன். கேரட்டுக்குப் பரிசு வாங்கியவனின் முழுப்பெயர் இருக்கிறது. பார்ட்லெட் குழந்தையின் கட்டம் காலி. இனி யார் அழுதாலும் அது காலிதான்.

எனக்கு ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது, அதுவும் உங்களை நம்பித்தான். இந்தப் பக்கத்தை நான் ஒருமுறை அடித்துவிட்டேன். என் கட்டத்தில் என்ன அடித்தேன் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, விதி அப்படி. இரண்டாவது ஆள் நீங்கள். இரண்டும் ஒத்துப்போனால் என்னைப்போன்ற ஒருவன் கைக்கு அது வராது. இருப்பதை அடியுங்கள், அல்லது

ஊர்: ஆல்டர்கோட்
இடம்: வடக்குச் சுவர்
தகப்பன்: பார்ட்லெட்
பெயர்: