தலைவர் வாயைத் திறக்காத நாள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் என்மீது பாயக் கூடாது. இந்தக் கதையில் எது முக்கியமோ, அது நடந்த இடத்தில் நான் இல்லை. நான் ஒரு மூடிய கதவுக்கு வெளியே, கால் ஒன்று வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள் நிலக்ஷி, கம்பஸில் இரண்டாம் வருடம் படிப்பவள், தன் துறைத் தலைவரான மேடத்தோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சை எழுதலாமா கூடாதா என்பது அந்த அறைக்குள் முடிவாக வேண்டியிருந்தது.

அந்த நாற்காலியில்தான் கதை தொடங்கியது. சும்மா இருக்கத் தெரியாத மனிதன் வேறென்ன செய்வான்? உள்ளே நடப்பதை மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2.

வீட்டுக்கு வந்து தாளில் எழுதிய முதல் தொடக்கம் இது:

"லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அழகன் என்றொரு தொழிலாளி இருந்தான். பனி மூடிய மலைகளின் நடுவே அவனும் அவன் ஒரே மகளும்—"

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். பனி மூடிய மலை வராத மலையகக் கதை எங்காவது இருந்தால் சொல்லுங்கள், தேங்காய் உடைக்கிறேன். அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில்.)

என் மனைவி மனோரஞ்சிதம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கால் கழுவி, தேத்தண்ணியோடு உட்கார்ந்து அதைப் படித்தாள்.

"யாருங்க இந்த அழகன்?"

"ஒரு கதாபாத்திரம்."

"உங்களாட்டமே அடுத்தவங்க விஷயத்துல மூக்க நுழைக்கிறான். உங்களாட்டமே தும்முறான். பேர மட்டும் அழகன்னு வச்சிக்கிட்டீங்களாக்கும். ஆசையப் பாரு!"

அழகன் அன்றோடு போய்ச் சேர்ந்தான். இனி நான்தான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் பக்கம் வேலை செய்கிறேன். அது சோற்றுக்கு. தோட்டத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தொழிற்சங்கத்துக்குத் தலைவர் என்பதால் எல்லோருக்கும் நான் 'தலைவரே'தான். தலைவரின் வேலை அடுத்தவர்களுக்காகப் பேசுவது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேச வேண்டும், பொலிஸில் பேச வேண்டும், பிரதேச செயலகத்தில் பேச வேண்டும். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. காளியாயி அக்காவுக்குப் பல் பிடுங்கப் போனபோதுகூட எந்தப் பல் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். (சரியான பல்தான். ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள், நம்ப வேண்டாம்.)

ஊருக்கே பேசுகிறவன் பெற்ற பிள்ளைக்குப் பேசாமல் இருப்பேனா? 'உன் பெயர் என்ன?' என்று யாராவது நிலக்ஷியிடம் குனிந்து கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். அடையாள அட்டைக்குப் போனபோது நான் பேசினேன். வங்கியில் நான் பேசினேன். கம்பஸ் கிடைத்துக் கொண்டுபோய் விட்ட அன்று, விடுதி வார்டனைத் தேடிப் பிடித்து, பிள்ளைக்கு வட்டக்காய்க் கறி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். நிலக்ஷி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு வெட்கப்பட்டாள் என்று யோசிக்கவில்லை.

3.

இனி பிரச்சினைக்கு வர வேண்டும். (வராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். மனோரஞ்சிதம் விடவில்லை.)

நிலக்ஷிக்குக் கம்பஸ் கிடைத்தால் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பாள் என்று எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது நான். அவளைக் கேட்கவில்லை. அம்மனிடமும் அவளுக்காக நானே பேசியாயிற்று.

இந்த வருடம் திருவிழா வந்தபோது போன் மேல் போன் போட்டேன்.

"இப்ப பிரக்டிகல் நடக்குதுப்பா. வந்து போக ஏலாது."

"நேர்த்திய பாக்கி வைக்கக் கூடாது பாப்பா. நீ வா. கம்பஸ்ல நான் பேசிக்கிறேன்."

வந்தாள். காப்புக் கட்டினாள். கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். செயல்முறை வகுப்புகளுக்குப் போதிய அளவு வராதவர் பரீட்சை எழுதக் கூடாது என்பது கம்பஸின் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டது என் பிள்ளை.

பால்குடம் நல்லபடியாக முடிந்தது. மஞ்சள் புடவையில் அவள் நடந்து வந்தபோது நான் அழுதேன், மறைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கம்பஸிலிருந்து அவள் போன் செய்தபோதும் அழுதேன்.

"பரீட்சைக்கு என் பேர் இல்லப்பா. வரவு பத்தலயாம். காரணத்த மேடம் ஏத்துக்கிட்டாத்தான் எழுதலாம். இல்லாட்டி அடுத்த வருசம் ஜூனியர் பிள்ளைங்களோட திரும்ப உக்காரணும்."

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். நான் பதில் சொல்லத் தொடங்கினேன், மனோரஞ்சிதம் என் கையிலிருந்து போனை வாங்கி, "சாப்டியாம்மா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அப்போது கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

4.

தலைவர் என்ன செய்வார்? மெடிக்கல் எடுப்பார். டவுனில் ஒரு டிஸ்பென்சரியில் (பெயர் வேண்டாம்) பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்று ஒரு சான்றிதழ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம், சிங்களவரான மேடத்திடம் பேச வேண்டியதைச் சிங்களத்தில் ஒத்திகை பார்த்தேன். அருமையாக வந்தது. பக்கத்து ஸீட் மனிதர் எழுந்து வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

நிலக்ஷி துறைக் கட்டிடத்து நடையில் நின்றுகொண்டிருந்தாள். நான் போகப் போவதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மனோரஞ்சிதம் சொல்லியிருந்தாள்.

"என்னப்பா இது?"

"மெடிக்கல். நீ ஒண்ணும் பேச வேணாம். தலையக் குனிஞ்சு நில்லு. ஒரு ரெண்டு தரம் இருமு. மிச்சத்த அப்பா பாத்துக்கிறேன்."

"எனக்குக் காய்ச்சல் வரலப்பா."

"வந்த மாதிரி வச்சிக்குவோம்."

"அம்மனுக்குப் பால்குடம் எடுத்துட்டு வந்து காய்ச்சல்னு பொய் சொல்லவா? நடந்தத சொல்றேன்."

"அவங்களுக்கு இதெல்லாம் வெளங்குமா?"

"வெளங்குற மாதிரி சொல்றேன்."

"உனக்குச் சிங்களம் எங்க வரும்? நீ பேசியே நான் கேட்டதில்ல."

"நீங்க எங்கப்பா பேச விட்டீங்க?"

(இந்த இடத்தில் 'அவள் கண்கள் சிவந்தன' என்று எழுதியிருந்தேன். சிவக்கவில்லை. என் ஆறுதலுக்கு எழுதியது. கோபப்பட்டிருந்தால் அதட்டியிருக்கலாம் அல்லவா? அவள் சாதாரணமாகச் சொன்னாள்.)

"நீங்க உள்ள வந்தா மேடம் உங்களத்தான் பாத்துப் பேசுவாங்க. எழுதப் போறது நான்தானேப்பா? நீங்க இங்க உக்காருங்க."

எத்தனையோ துரைமாரை வாயால் மடக்கியிருக்கிறேன். அன்றைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கதவைத் தட்டினாள். உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

5.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்பனை செய்த முடிவுகளைக் கீழே தருகிறேன். எல்லாவற்றையும் பிற்பாடு வெட்டிவிட்டேன். வெட்டியது தெரியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: நிலக்ஷி அம்மன் பெயரைச் சொன்னதும் மேடம் எழுந்து கைகூப்புகிறார். இருவர் கண்ணிலும் நீர். மனோரஞ்சிதம் கேட்டாள்: "அந்த அம்மா படிச்சவங்களா, சாமியாடுறவங்களா?"

இரண்டாம் முடிவு: மேடம் சீறுகிறார். நிலக்ஷி வார்த்தை வராமல் தடுமாறுகிறாள். படாரென்று கதவு திறக்கிறது. தகப்பன்! அவன் சிங்களத்தில் பேசப் பேசப் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். இதை ரொம்ப நன்றாக எழுதியிருந்தேன், சொன்னால் நம்ப வேண்டும். பெருமை தாங்காமல் நிலக்ஷிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லா இருக்குப்பா. அதுல நான் எங்க?" என்றாள்.

மூன்றாம் முடிவு: "கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு—"

இதை என்னால் முடிக்க முடியவில்லை. ஏனென்றால் இது கற்பனை இல்லை. அந்த நாற்காலியில் நான் நிஜமாகப் பயந்தது இதற்குத்தான். ஒரு வருடம் போனால் போகட்டும். என் வாயால் நேர்ந்த நேர்த்திக்கு என் பிள்ளை உடைந்து போய் வெளியே வருவாளே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று பயந்தேன். அம்மனிடம் இன்னொரு நேர்த்தி வைக்கலாமா என்றுகூட வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்த வாயால் பட்டது போதும்.

எழுந்தேன். கதவருகே போனேன். தட்டுவதற்குக் கையை ஓங்கியும் விட்டேன். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, குரல் மட்டும். கொஞ்சம் பேசியது, நின்றது, யோசித்தது, மறுபடி பேசியது. அது அழுகிற குரல் இல்லை. வேலை செய்கிற குரல்.

கையை இறக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்தக் கதையில் கதாநாயகன் செய்த ஒரே சாகசம் இதுதான். நம்பாதவர்கள் தங்கள் பிள்ளையின் கதவுக்கு வெளியே ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

6.

கதவு திறந்தது.

"எழுதலாம்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நடையில் போன இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விட்ட பிரக்டிகல எல்லாம் சனிக்கிழமையில வந்து செஞ்சு முடிக்கணும். சரின்னுட்டேன்."

"நீ என்ன சொன்ன? காப்ப பத்தி கேட்டாங்களா? ஏசினாங்களா? எந்த எடத்துல எறங்கி வந்தாங்க?"

"அப்பா, பசிக்குது."

கேன்டீனில் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கி வந்து வைத்தாள். அந்தத் தேத்தண்ணி கழுவின தண்ணி. நல்ல தூளையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டு மிச்சத்தை உங்களுக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு சொற்பொழிவு தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

பஸ் ஏற்ற வந்தாள். நுவரெலியா போகிற பஸ். ஜன்னலோர ஸீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, கண்டக்டரிடம் போய், "இவர் என் அப்பா. லிந்துலையில் மறக்காமல் இறக்கிவிடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னாள். அவள் சிங்களம் பேசி நான் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓரிடத்தில் பிழை இருந்தது. கண்டக்டருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நான் திருத்தவில்லை.

பாவம், அந்தக் கண்டக்டர் எனக்குச் சிங்களமே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டான். என் பக்கம் குனிந்து, உரக்க, கையை ஆட்டி ஆட்டி, "லிந்துலை! நான் சொல்றேன்! பயப்பட வேணாம்!" என்று உடைந்த தமிழில் சொன்னான். இருபது வருடத் தலைவர் பச்சைப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினேன்.

நிலக்ஷி கீழே நின்று சிரித்தாள். பிறகு பஸ் புறப்படும்வரை நிற்காமல், படிக்க இருக்கிறது என்று போய்விட்டாள். நானாக இருந்தால் பஸ் வளைவில் மறையும்வரை நின்றிருப்பேன். அவள் போனதுதான் சரி என்று ஹட்டன் தாண்டும்போது எனக்குப் புரிந்தது.

பிறகு தூங்கிவிட்டேன். அந்த வாரத்தில் நான் தூங்கிய முதல் நல்ல தூக்கம் அது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியிருக்காவிட்டால் நுவரெலியாவில்தான் கண் விழித்திருப்பேன்.

7.

சட்டைப் பையிலிருந்த மெடிக்கலை மறந்தே போனேன். மறுநாள் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைத்த மனோரஞ்சிதம், கூழாகிப்போன காகிதத்தைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்க காய்ச்சல் தீந்துச்சுங்க" என்றாள்.

பரீட்சை முடிந்துவிட்டது. எழுதினாள். எப்படி எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறேன் என்பதை மனோரஞ்சிதத்திடம் கேளுங்கள்.

அந்த அறைக்குள் என்ன பேசினாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கதைக்காகவாவது சொல் என்று கெஞ்சினேன். "அது எங்கிட்டயே இருக்கட்டும்பா" என்கிறாள். நீங்களாவது கேட்டு வாங்கித் தருவீர்கள் என்று உங்களிடம் வரவில்லை. வேண்டுமென்றால் நானே ஒரு பக்கம் எழுதி, அதை அவள் வாயில் வைத்திருக்கலாம். எழுதுகிறவன் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். ஆனால் இருபது வருடம் அதைத்தானே செய்தேன்?

ஆகவே அந்த அறையை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குத் தர என்னிடம் மிச்சம் இருப்பது வெளியே உள்ள நாற்காலி மட்டும்தான். வளர்ந்த பிள்ளை உள்ளே இருக்கிறவர்கள் யாராவது வந்து உட்காரலாம். ஒரு கால் வளைந்தது, பார்த்து உட்காருங்கள். கதவைத் தட்ட வேண்டாம்.