நாலு மணிக்கே ஏத்திவிட்டேன்

அருள்தாசுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்துக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி போனார். அம்பு எறிகிற டார்ட்ஸ் போர்டு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்தார். அஞ்சடி எட்டு அங்குலம். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் அளந்தார். கணக்கு வாத்தியாரான அவர் அளந்தது அதுக்குள் என்ன, குட்டையாகிவிடுமா? ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

வாசலில் ஃபிளெக்ஸில் ஃபிரெடி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். செத்து நாப்பத்தோரு நாள் ஆகிறது. அவன் நினைவாகப் போட்டி. கீரனூர், குன்றாண்டார்கோவில் பக்கமிருந்தெல்லாம் பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பம். அதற்கு முன்னால் அருள்தாஸ் மைக்கைப் பிடித்து ஃபிரெடியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேச வேண்டும். எழுதி வைத்த சீட்டைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படிப்பில் அருள்தாஸ் முந்தி, மற்ற எல்லாவற்றிலும் ஃபிரெடி முந்தி. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வெல்டிங் அடித்துவிட்டு ஊர் திரும்பினான் ஃபிரெடி. மற்றவன் எல்லாம் டிவியும் சென்ட்டும் கொண்டுவருவான். இவன் வட்டமாக ஒரு போர்டையும் மூணு அம்பையும் கொண்டுவந்து இறங்கினான்.

"என்னடா, திருவிழாவுல பலூன் கடை போடப் போறியா?" என்று ஊரே சிரித்தது.

அவன் கவலைப்படவில்லை. மண்டபத்துச் சுவரில் போர்டை மாட்டினான். மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிற அருள்தாசை இழுத்துக்கொண்டுவந்து கோட்டில் நிறுத்தினான்.

"எறியாதடா, அனுப்பு. ஒன் மகளை காலேஜுக்கு அனுப்புறப்ப கழுத்தைப் புடிச்சா தள்ளுவ? அந்த மாதிரி, பதனமா அனுப்பு."

பதினோரு வருஷம் அப்படியே சொல்லிக்கொடுத்தான். நடுக்கம் போனது. ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு பந்தயத்தில்கூட அருள்தாஸ் அவனைத் தோற்கடித்ததில்லை. இது ஊருக்குத் தெரிந்த கதை.

ஊருக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது.

ஃபிரெடி செத்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அஞ்சு ஆட்டப் பந்தயத்தில் ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு ஆட்டம் ஜெயித்து நின்றார்கள். அஞ்சாவதுதான் முடிவு. அப்போது மணி நாலு. ஃபிரெடி நெஞ்சைத் தடவிக்கொண்டே, "என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குடா. நான் கெளம்புறேன்" என்றான்.

மண்டபத்துக்கு நாற்காலி ஏற்றி வந்த எழிலரசனின் ஆட்டோ வாசலிலேயே நின்றது. "ஏறுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று அவன் கூப்பிட்டான்.

அருள்தாஸ் விட்டாரா? "அட, வாயுடா! மதியம் பிரியாணிய ஒரு கட்டு கட்டிருப்ப. இன்னைக்குத்தான் ஒன்னைய அடிக்கப் போறேன், வாயுவைச் சொல்லித் தப்பிக்கப் பாக்குறியா? எழிலு, இருப்பா, ஒரே ஆட்டம்."

ஃபிரெடி சிரித்துவிட்டு நின்றான். பாவி, நின்றுவிட்டான்.

இந்த ஆட்டத்தில் ஐநூத்தி ஒண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு போர்டின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத டபுள் வளையத்தில் குத்த வேண்டும். அங்கே விழுந்தால் எண் ரெட்டிப்பாகும். அருள்தாஸ் மளமளவென்று இறங்கி ரெண்டில் வந்து நின்றார். ஒண்ணாம் நம்பர் டபுளில் ஓர் அம்பு விழுந்தால் போதும், ஜெயம். வளையத்துக்கு உள்ளே சாதா ஒண்ணில் விழுந்தாலோ அந்தச் சுற்று செல்லாது, மறுபடி ரெண்டிலிருந்து.

விழவே மாட்டேன் என்றது. ஒன்று வெளியே போகும், இல்லாவிட்டால் சாதா ஒண்ணில் குத்தும். ஃபிரெடி தன் முறைக்கு ரெண்டு தடவை எழுந்து எறிந்தான்; அம்பு போர்டிலேயே நிற்கவில்லை. "நீ மட்டும் போடுடா, நான் பாத்துக்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஃபிரெடி வாயில் ஒண்ணு என்ற வார்த்தை வராது. அவன் அப்பா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "லாபம்" என்றுதான் எண்ணுவார். ஒண்ணு என்று எண்ணத் தொடங்கினால் விளைச்சல் நிற்காதாம். அந்தப் பழக்கம் மகனுக்கும் தொற்றிக்கொண்டது.

"லாபம்" என்றான் ஃபிரெடி. "திரும்பப் போடு."

போட்டார்.

"லாபம். தோள ஆட்டாத. அனுப்புடா."

இப்படியே இருபத்தஞ்சு நிமிஷம். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அருள்தாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வளையம்தான் தெரிந்தது. நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அம்பு ஒருவழியாக டபுளில் குத்தியது. அருள்தாஸ் குதித்தார். ஃபிரெடி எழுந்து கை தட்டினான். "ஜெயிச்சுட்டடா!" சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

எழிலரசன்தான் அவனைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினான். "நீ முன்னால போடா, பூட்டிட்டு வாரேன்" என்றார் அருள்தாஸ். பூட்டவா நின்றார்? கரும்பலகையில் ஜெயித்த கணக்கை எழுதி, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டுதான் பைக்கைக் கிளப்பினார். அவர் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் கொண்டுவந்த நேரம் அஞ்சு பத்து என்று எழுதியிருந்தது.

ஃபிரெடியின் மனைவி ஷெரின் தலைவிரிகோலமாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "எப்பண்ணே நெஞ்சு வலின்னு சொன்னாரு?"

"நாலு மணிக்கு."

"நீங்க என்னண்ணே பண்ணீங்க?"

"நாலு மணிக்கே ஏத்திவிட்டேன்மா."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. இருபத்தஞ்சு நிமிஷ ரோட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது எப்படி? ஷெரின் அழுது முடித்ததும் கணக்குப் போட்டாள். எழிலரசன் வழியில் வேறு சவாரி ஏற்றியிருக்கிறான், என் புருஷனைக் கொன்றவன் அவன்தான் என்று வீடு வீடாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அவன் ஆட்டோவில் அனுப்புவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பதினஞ்சு நாள் கழித்து அருள்தாஸ் அவனைத் தேடிப் போனார். "நீ ஏம்ப்பா நடந்ததைச் சொல்லல?"

"வாத்தியார் பேச்சுக்கு முன்னால ஆட்டோக்காரன் பேச்சு எடுபடுமா சார்? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இருக்கேன்."

சொன்னாரா? இன்னும் இருபத்தாறு நாள் மென்று முழுங்கினார். சொன்னால் ஷெரின் முகத்தில் எப்படி முழிப்பது? ஃபிரெடியின் பிள்ளைகள் அப்புறம் பெரியப்பா என்று கூப்பிடுமா?

மண்டபம் நிறைந்துவிட்டது. ஷெரின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக் கைக்கு வந்தது. போன நடுக்கம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"ஃபிரெடி எனக்கு நண்பன். இந்த ஆட்டத்துல குரு. அவனை யாரும்..." அடுத்து 'ஜெயிச்சதே இல்ல' என்றுதான் எழுதி வைத்திருந்தார். சீட்டை மடித்துப் பையில் போட்டார். "அவனை நான் ஒரு தடவை ஜெயிச்சிருக்கேன்" என்றார்.

யாரோ கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க! அவன் செத்த அன்னைக்கு ஜெயிச்சேன். நாலு மணிக்கு நான் ஏத்திவிடல. வாயுன்னு சொல்லி, ஆட்டோவை நிக்க வச்சிட்டு, நாலே முக்கால் வரைக்கும் ஆடுனேன். நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு எனக்குச் சொல்லிக்குடுத்தான். எழிலரசன் எங்கயும் நிக்கல. பொய் சொன்னது நான்." மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "என்னைய என்ன வேணாலும் சொல்லும்மா, ஷெரின்."

ஷெரின் எழுந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மணிக்கே எங்கிட்ட சொன்னாரு" என்றாள். அவர் கையிலிருந்த மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "வலிக்குதுடி, படுத்துக்கிறேன்னாரு. நான்தான் வாயுன்னேன். ஓமத்தண்ணி குடுத்து, வீட்டுல கெடந்தா இன்னும் புடிச்சிக்கும், போயி கை கால ஆட்டி வெளையாடிட்டு வாங்கன்னு நான்தாண்ணே அனுப்பிவிட்டேன்."

அருள்தாஸ் மைக்கைக் கீழே இறக்கினார்.

"யாரையாவது திட்டிக்கிட்டே இருந்தாத்தாண்ணே எனக்குத் தூக்கம் வந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"எழிலு, நான் ஷெரின் அக்கா பேசுறேன்... வச்சிராதப்பா. ஆட்டோவை எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கு வாரியா? நானும் வாத்தியாரும் கல்லறைக்குப் போகணும்."

பதிலுக்கு அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் மட்டும் கேட்டுக்கொண்டே நின்றாள். கேட்கக் கேட்கத் தலை குனிந்துகொண்டே போனது.